வாசல் ஆணியில் ஒரு பை

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் மகளிர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறை, வீடு என்று பேசிப் பழகிய இந்தக் கூட்டத்தில் இன்று நான் ஒரு பழைய பள்ளிக்கூடப் பையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது நேரம் காலை ஏழரையைத் தாண்டியிருந்தது. வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். லயத்தில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. மண் அந்த வேகத்தில் இறங்கினால் எந்தப் பையும் காப்பாற்றாது, அதை நான் மறைக்கவில்லை. நான் பேசுவது அதற்கு முந்திய இரவைப் பற்றி. மழை ஊற்றுகிறது, எழும்பிப் போங்கள் என்று செய்தி வருகிறது, நாம் காம்பராவுக்குள் எதையோ தேடிக்கொண்டு நிற்கிறோமே, அந்த இரவைப் பற்றி.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்திலும் அப்படி ஓர் இரவு வந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். எங்கள் அப்பாயி மட்டும் அசையவில்லை. "பெட்டி வராம நானும் வரல" என்று தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. அதற்குள் சேலை, பித்தளைச் செம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் பிரஜாவுரிமைப் பத்திரம். அப்பாவும் சித்தப்பாவும் வழுக்கும் படியில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அப்பாயியைக் குறை சொல்ல மாட்டேன். 1948இல் குடியுரிமையை இழந்த சனம் நாங்கள். மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்தது. தேவைப்பட்டது அந்தக் கடதாசி ஒன்றுதான், தூக்கியதோ முழுப் பெட்டி.

ஆகவே முதல் விசயம்: பையை உங்களுக்காகக் கட்டாதீர்கள். நீங்கள் மலையில் இருக்கும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்காகக் கட்டுங்கள். பாட்டியோ தாத்தாவோ பத்து வயதுப் பிள்ளையோ தோளில் போட்டுக்கொண்டு படியேற முடிய வேண்டும். முடியாவிட்டால் பாரம் அதிகம், குறையுங்கள். வைக்கும் இடம் கட்டிலுக்கு அடியும் அல்ல, உடுப்புக் குவியலுக்குப் பின்னாலும் அல்ல. வாசல் கதவுக்குப் பக்கத்தில், அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. கரண்ட் போன இருட்டிலும் கை தானாகப் போகும். பிள்ளையை ஒருநாள் கண்ணை மூடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கடைக்காரர் பெரிய பை, தண்ணீர் புகாத பெட்டி என்று காட்டுவார். வேண்டாம். ஒரு நாள் பேருக்கு மேல் செலவு வரக்கூடாது என்பது என் கணக்கு. எங்கள் காம்பராவில் மூன்று எதிரிகள்: ஈரம், எலி, அடுப்புப் புகை. மூன்றுக்கும் மூடி இறுக்கமான வெற்று ஐஸ்கிறீம் பெட்டியும் பால்மா டின்னும் போதும். பெட்டிக்குள் ஒரு பழைய பேப்பர்த் துண்டைப் போட்டு மூடி, வாளித் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடியுங்கள். பேப்பர் நனையாவிட்டால் நல்ல பெட்டி. எலி பிளாஸ்டிக்கைக் கடிக்கும், அதனால் தின்னும் சாமான் எல்லாம் டின்னுக்குள். மருந்து அடித்த போத்தல், உரப் பையின் உள் பொலித்தீன் இரண்டையும் கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

பத்திரங்களைப் பெட்டியில் வைக்குமுன் நல்ல வெயில் நாளில் வீட்டுக்குள் விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். பிறகு இரண்டு ஷொப்பிங் பையில், ஒன்றுக்குள் ஒன்றாக, வாயை மடித்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைக் கொப்பி, சேமலாப நிதிக் கடதாசி, பாங்க் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, அதோடு அடகுச் சீட்டு. அடகுச் சீட்டு என்றதும் பலர் தலையைக் குனிகிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நகையை மீட்க அதுதான் வேண்டும். கைப்போன் செத்துப்போகும், ஆகவே சொந்தக்காரர், தலைவர், கிராம உத்தியோகத்தர் இலக்கங்களோடு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சின் 1990 ஆகியவற்றைப் பேனையால் எழுதி இதற்குள்ளேயே வையுங்கள்.

டோர்ச்சை பெற்றரியோடு வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் பெற்றரி கசிந்து டோர்ச்சையே தின்றுவிடும். பெற்றரியைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, டோர்ச்சோடு ஒரே கட்டாகக் கட்டுங்கள். இருட்டில் பெற்றரி போடப் பிள்ளைக்குப் பழக்குங்கள். நெருப்புப்பெட்டியும் மெழுகுதிரியும் அகன்ற வாய்ப் போத்தலுக்குள். ஒரு விசில் கட்டாயம் வேண்டும். மண்ணுக்கோ சுவருக்கோ அடியில் சிக்கியவருக்குக் கத்தச் சீவன் இருக்காது, ஊத முடியும். சீனி, பிஸ்கட், ஜீவனிப் பக்கெட், பெனடோல், பிரஷர், சீனி வருத்தக்காரரின் மூன்று நாள் குளிசை, பெண்பிள்ளைகளுக்கான துணி, ஒரு போத்தல் தண்ணீர். கம்பளியை மேலே சுற்றிக் கட்டலாம்.

ஒருமுறை கட்டிவிட்டு மறந்தால் அந்தப் பை வெறும் குப்பை. சம்பள நாளில் பிரியுங்கள். பிஸ்கட்டைப் பிள்ளைகள் தின்னட்டும், புதியதை வையுங்கள். குளிசையையும் அப்படியே மாற்றுங்கள்.

இனி எப்போது எடுப்பது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழை அளவை வைத்துத்தான் சொல்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். பிள்ளையின் கொம்பாசுப் பெட்டியில் இருக்கும் சின்ன அடிமட்டம் 15 சென்றிமீற்றர். அடி முதல் வாய் வரை ஒரே அகலமான உயரமான டின் ஒன்றைக் கூரை நீர் விழாத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் அளந்து கொட்டுங்கள். அடிமட்டத்தில் பாதி என்றால் பையைத் திறந்து பாருங்கள். பத்து என்றால் வாசலில் இறக்கி வையுங்கள். முழுவதும் நனைந்தால் அங்கே நிற்காதீர்கள். டின் நிரம்பவில்லை என்று காத்திருக்கவும் வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, கலங்கி ஓடும் அல்லது நின்றுபோன ஊற்று, சாயும் மரம், எதைக் கண்டாலும் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் எதை மறந்திருந்தாலும் திரும்பிப் போகாதீர்கள்.

நிருவாகத்தார் யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். பை கட்டச் சொல்வதால் பாதுகாப்பான காணியில் தனி வீடு என்ற கோரிக்கையை நாங்கள் மடித்து வைத்துவிடவில்லை. ஆபத்தான லயம் என்று எழுத்தில் அறிவிக்கப்பட்ட பிறகும் சனத்தை அங்கேயே வைத்திருப்பதற்கு எந்தப் பையும் பதில் ஆகாது. அந்த அறிவித்தல்களின் கொப்பியைத் தலைவர்மார் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் சங்கத்துக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிவிசனில் எத்தனை காம்பராவில் பை தொங்குகிறது, எத்தனை வீட்டில் தூக்க முடியாத முதியவர் தனியாக இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது எண்ணிக்கைதான் முக்கியம், அவர்களைத் தூக்குவது யார் என்று அன்றைக்குப் பெயர் போடுவோம். எங்கள் வீட்டுப் பையைக் கொண்டு வந்திருக்கிறேன். தேத்தண்ணிக்குப் பிறகு பிரித்துக் காட்டுகிறேன். டோர்ச்சை மட்டும் யாரும் இரவல் கேட்காதீர்கள்.