நாமினி வேறு, வாரிசு வேறு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் சார் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நமக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று பேசப் போகிறேன். சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ராமநாதபுரம் அரண்மனையே வாரிசு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. விதவை ராணி எடுத்த தத்து செல்லாது என்று மதுரை கலெக்டர் தரப்பு வாதாடியது. கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும், பங்காளிகள் சம்மதித்தால் தத்து செல்லும் என்று 1868-ல் தீர்ப்பு வந்தது. பக்கத்துச் சிவகங்கையில் ஜமீன்தார் 1829-ல் காலமானார். மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது 1863-ல். இடையில் 34 வருடம்! ஜமீன் தாங்கியது. இரண்டு பெட்ரூம் வீடு தாங்குமா?

நான் கவுண்டரில் இருந்தபோது நடந்தது. கணவரை இழந்த ஓர் அம்மா டெபாசிட் ரசீதோடு வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு போட்ட நாமினி, கணவரின் தம்பி. யாரும் மாற்றவில்லை. விதிப்படி பணம் தம்பி கைக்குப் போனது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். "உங்கள் பங்கை நீங்கள் கேட்கலாம்மா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அன்று கூட்டம், சொல்லவில்லை. இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் காலமானால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. கட்டிக் கொடுத்த மகளுக்கும் உண்டு. இஸ்லாமியச் சகோதரர்கள் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுதலாம். அதற்கு மேல் என்றால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், பின்னால் சந்தேகம் வரும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. மனம் மாறினால் புதிதாக எழுதலாம், கடைசி உயில்தான் செல்லும். எழுதி வைத்த இடத்தை வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

இன்று இரவு பாஸ்புக், டெபாசிட் ரசீது, எல்ஐசி பத்திரம் மூன்றையும் எடுத்து, நாமினி யார் என்று பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் படிவம் நிரப்பித் தர நான் இருக்கிறேன். மாலையில் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டுங்கள்.