பெற்றோர் கருத்து என்றால், எந்தப் பெற்றோரின் கருத்து?

(கல்வி உரிமை குறித்த கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிகளையும் ஆசிரியர்களையும் மதிப்பிடப் பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் இருக்கிறது. தனியார் பள்ளிகள் நட்சத்திரம் போடச் சொல்கின்றன. அரசுப் பள்ளிகளில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வருகிறது. இது கூடாது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒரு நாள் வருகிறார், பதிவேட்டைப் பார்க்கிறார், போய்விடுகிறார். தாயோ ஒவ்வொரு நாள் மாலையும் அந்தப் பள்ளியைத் தன் பிள்ளையின் முகத்தில் பார்க்கிறாள். அவளைக் கேட்காமல் ஒரு பள்ளியை எப்படி மதிப்பிட முடியும்?

கேட்காமலே முடிவு செய்த வரலாறு நமக்கு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளை அரை நாள் பள்ளியில் வைத்துவிட்டு, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க அனுப்பியது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் பெற்றோர் எல்லா இடத்திலும் இருந்தார்கள், ஆசிரியராகவே இருந்தார்கள். ஆனால் "உங்கள் பிள்ளை உங்கள் தொழிலுக்கு வர வேண்டுமா?" என்று செருப்புத் தைத்தவரையும் துணி வெளுத்தவரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டம் ஒரு நாள்கூட நின்றிருக்காது.

ஆக, கேட்பது நல்லது. எப்படிக் கேட்கிறோம், யார் கேட்கிறார்கள், வந்த பதிலை என்ன செய்கிறோம் என்பதில்தான் சாதி உள்ளே வருகிறது.

நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் வருவாள். பள்ளியிலிருந்து வந்த படிவத்தை அம்மாவின் கைபேசியில் அவள்தான் நிரப்பினாள். பள்ளிச் சூழல் எப்படி? மிக நன்று, நன்று, சுமார். அம்மா கேட்டார்: "யார் போட்டதுன்னு டீச்சருக்குத் தெரியுமா?" மகள் சொன்னாள்: "நம்பர் போகும்மா." "அப்ப மிக நன்றுன்னே போடு." அவ்வளவுதான், கணக்கெடுப்பு முடிந்தது.

பிறகு அந்த அம்மாவிடம் வேறு விதமாகப் பேசிப் பார்த்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு என்னென்ன வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். "யாராச்சும் பெரியவங்க வந்தா டீ வாங்கியாற ஊர்த்தெருப் பையன் போவான் தம்பி. வகுப்பைக் கூட்டுறதுக்கு எம் பொண்ணைக் கூப்புடுவாங்க." இதைப் புகாராக அவர் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அதே வாயிலிருந்து வந்த "மிக நன்று"தான் இன்று ஏதோ ஒரு கணினியில் ஒரு விழுக்காடாக உட்கார்ந்திருக்கிறது.

திருப்தியா என்று கேட்டால், காலங்காலமாகக் குறைத்து எதிர்பார்க்கப் பழக்கப்பட்டவர்கள் திருப்தி என்றுதான் சொல்வார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டால் நடப்பதைச் சொல்வார்கள். அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளிக்குப் போனபோது உட்காருவதற்கான சாக்குத் துணியைத் தானே வீட்டிலிருந்து கொண்டுபோய், மாலையில் திரும்பவும் எடுத்து வந்தார். பள்ளியைச் சுத்தம் செய்த பணியாளரும் அந்தச் சாக்கைத் தொட மாட்டார். இதைப் பின்னாளில் அவரே எழுதித்தான் நமக்குத் தெரிந்தது. "பள்ளியில் இருக்கை வசதி உண்டா?" என்று அவருடைய தந்தையிடம் ஒரு படிவம் கேட்டிருந்தால் அந்தச் சாக்கு எந்தக் கட்டத்துக்குள் வந்திருக்கும்?

அடுத்தது சராசரி. ஒரு பள்ளியில் நூறு குடும்பங்கள். அதில் எட்டு அருந்ததியர் குடும்பங்கள். அந்த எட்டுப் பேரும் துணிந்து "எங்கள் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்படுகிறார்கள்" என்று எழுதுகிறார்கள். மற்ற 92 பேருக்கும் குறையே இல்லை. அறிக்கை என்ன சொல்லும்? 92 விழுக்காடு பெற்றோர் நிறைவு. மாவட்டத்தின் சிறந்த பள்ளிகளில் ஒன்றாக அது பாராட்டப்படவும் கூடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கூட்டல் கணக்கும் சரி. சராசரி என்பது பெரும்பான்மைச் சாதியின் குரல்.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மனம் இளகிவிடுகிறது. ஆனால் பெற்றோருக்கும் சாதி உண்டு. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் என்ன நடந்தது? சத்துணவுச் சமையலராகப் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டவர்கள் பெற்றோர்கள்தான். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியது. இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023இல் காலை உணவுத் திட்டத்திலும் கரூர் மாவட்டத்தில் இதே எதிர்ப்பு கிளம்பியது.

அந்த வாரத்தில் அந்தப் பள்ளியில் "சத்துணவில் உங்களுக்குத் திருப்தியா?" என்று ஒரு படிவம் போயிருந்தால் மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். பள்ளி சரியாகச் செய்த ஒரே காரியத்துக்காக அந்தத் தண்டனை கிடைத்திருக்கும். இதையே ஓர் ஆசிரியருக்குப் பொருத்திப் பாருங்கள். ஆதிக்கச் சாதி ஊரில் வேலை பார்க்கும் தலித் ஆசிரியர், பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்கும் ஆசிரியர், கையில் கட்டிய சாதிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன ஆசிரியர், இவர்களுக்கெல்லாம் பெற்றோர் எத்தனை நட்சத்திரம் போடுவார்கள்? அதனால்தான் தனி ஆசிரியரின் பதவி உயர்வையோ இடமாற்றத்தையோ பெற்றோர் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு பிள்ளையின் சம உரிமை மற்றவர்களின் வாக்கெடுப்புக்கு உரிய பொருள் அல்ல.

அப்படியானால் பெற்றோரைக் கேட்கவே வேண்டாமா என்று சில தோழர்கள் நினைக்கலாம். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியர் கைதானார். அதை வெளியே கொண்டுவந்தது எந்த ஆய்வும் அல்ல. தன் மகனுக்கு டெங்கு வந்ததும் ஏன் வந்தது என்று விசாரித்த ஒரு தாய். பள்ளிக்குள் நடக்கும் தீண்டாமையை முதலில் அறிகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான். அவர்களிடம் போகாமல் வேறு வழியே இல்லை.

ஆனால் அச்சமில்லாமல் சொல்ல இடம் வேண்டும். நாங்குநேரியை மறக்க முடியுமா? உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திய மாணவர், பள்ளி கேட்டதால் நடந்ததை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் 2023 ஆகஸ்டில் இரவில் வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். உண்மையைச் சொல்லச் சொல்கிறவர்கள், சொன்ன பிறகு அந்தக் குடும்பத்தின் வாசலில் யார் நிற்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை, பள்ளி நல அலுவலர் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. இவற்றில் எது உங்கள் பள்ளியில் நடக்கிறது என்பதையே ஒரு கேள்வித்தாளாக ஆக்கலாம். அமைச்சரும் செயலரும் சொல்வதைவிட அந்தப் பதில் நம்பகமாக இருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். படிவத்தைப் பள்ளியோ ஆசிரியரோ கொண்டுபோகக் கூடாது. பிள்ளையின் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்தத் தாய் மனம் திறப்பாள்? காலனிக்குள்ளேயே படித்த இளைஞர்கள், முடிந்தால் பெண்கள், கூலி வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேள்விகள் நடப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். யார் பக்கத்தில் உட்காருகிறான்? விளக்குமாறு யார் கையில்? சாப்பாடு வரிசையில் யார் முன்னால்? ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, வேறு எப்படியாவதா? உதவித்தொகை விண்ணப்பம் பற்றியெல்லாம் கேட்கிற ஆர்வத்தில் இந்தச் சின்னக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள்.

பதில்களைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பள்ளியில் மூன்று குடும்பங்கள்தான் என்றால், பிரித்த உடனே யார் சொன்னது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் அப்படிப்பட்ட பள்ளிகளின் பதில்களை ஒன்றிய அளவில் சேர்த்து வெளியிட வேண்டும். பள்ளியின் பெயர் மங்கிப் போகும், உண்மைதான். குடும்பத்தின் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

சட்டம் நம் கையில் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம் என்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நட்சத்திரம் கேட்கிற பள்ளிகள் அதிகாரம் தருவதில்லை, கவனியுங்கள். 32ஆவது பிரிவின்படி எழுத்துப்பூர்வமான புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கருத்துக் கணிப்பில் வெளிவரும் செய்தியை இந்தப் பிரிவின் கீழ் புகாராக்கினால்தான் அதற்குப் பல் முளைக்கும். இல்லாவிட்டால் அது ஒரு வண்ணப் படம், அவ்வளவே. புகாரைக் குடும்பம் தனியாகக் கொடுக்கக் கூடாது. நாம் கூட நிற்க வேண்டும், அடுத்த வாரமும் அந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

எங்கள் மையத்துத் தோழர்கள் தயாரித்த கேள்வித்தாள் வரைவு வாசலில் மேசை மேல் இருக்கிறது. இரண்டு பக்கம்தான். ஒன்பதாவது கேள்வியில் எங்களுக்குள் இன்னும் தகராறு: சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைப் பற்றித் தாயிடம் கேட்கும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கலாமா, கூடாதா? சிலர் இருக்கட்டும் என்கிறார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். படித்துப் பார்த்துவிட்டு, போவதற்கு முன் உங்கள் கருத்தை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.