தந்தையின் வாயே தொட்டில்



தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. எவ்வளவு நெருங்கிய உறவானாலும் பசி அவரவர்க்குத் தனிதான் என்பது அதன் பொருள். இந்தப் பழமொழியைப் பொய்யாக்கும் ஒரு சிறு மீன் இந்தோனேசியக் கடலில் வாழ்கிறது. பிள்ளைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் நாள்களில் அது இரை எடுப்பதில்லை. அந்தப் பட்டினியை ஏற்பது தாய் அல்ல, தந்தை.

அந்த மீனின் பெயர் பங்காய் கார்டினல். இந்தோனேசிய மொழியில் 'சாப்புங்கான்' என்கிறார்கள். 'சாப்புங்' என்றால் அங்கே தும்பி. நீண்டு பிரிந்த துடுப்புகளோடு நீரில் அசையாமல் நிற்கும் அதன் தோற்றத்துக்குப் பொருத்தமான பெயர்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். வால் நுனிவரை அளந்தாலும் சுமார் 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். வெள்ளி நிற உடல். கண்ணின் குறுக்கே ஒன்று, உடலில் இரண்டு என மூன்று கறுப்புப் பட்டைகள். கரிய துடுப்புகளில் மாக்கோலப் புள்ளி வைத்ததுபோல் வெண்புள்ளிகள். கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் பூகிஸ் வட்டாரத்துக்குப் பெயர் தந்த மக்களின் தாயகம் சுலாவேசி தீவு. அதன் கிழக்குக் கரையை ஒட்டிச் சிதறிக் கிடப்பது பங்காய் தீவுக்கூட்டம். உலகில் வேறெங்கும் இந்த மீன் இயற்கையாக வாழவில்லை. தீவுகளைச் சுற்றி அது உண்மையில் குடியிருக்கும் ஆழமற்ற பகுதிகளை மட்டும் கூட்டினால் 34 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேறாது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். லாபுவான் தீவின் பரப்பில் அது பாதிகூட இல்லை. ஓர் உயிரினம் முழுவதற்கும் அவ்வளவுதான் பூமி.

அந்தச் சிறிய இடத்திலும் அது எங்கே குடியிருக்கிறது? பெரும்பாலும் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில், அலை அதிகம் அடிக்காத குடாக்களில், பவளப்பாறை ஓரத்திலும் கடற்புல் திட்டுகளிலும் வாழ்கிறது. அங்கே அதன் வீடு கடல் முள்ளெலி. மலாய் மொழியில் 'லண்டாக் லாவுட்' என்பார்களே, அதுதான். தியோமான் பக்கம் கடலில் இறங்கி, கறுத்த நீள முள் காலில் ஏறி அவதிப்பட்டவர்களுக்கு இந்தப் பிராணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மனிதன் அஞ்சி விலகும் அந்த முள்காட்டுக்குள்தான் இந்த மீன்கள் சிறு சிறு கூட்டமாகக் குடும்பம் நடத்துகின்றன. ஆபத்து என்றால் முள்களுக்கிடையே புகுந்துகொள்ளும். அதன் கறுப்புப் பட்டைகளும் முள்களின் நிழலும் கலந்துவிடுவதால் எது மீன், எது முள் என்று பிரித்தறிவது கடினம். குஞ்சுகள் சில வேளைகளில் கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையே கோமாளி மீன்களுக்குப் பக்கத்து வீட்டாராகவும் வாழ்கின்றன.

பகலில் இரை தேடும் மீன் இது. நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய உயிரிகளை இருந்த இடத்திலிருந்தே பிடித்துத் தின்னும். ஊர் சுற்றும் குணம் அறவே கிடையாது. பிடித்துச் சற்றுத் தொலைவில் விட்டபோதும் தன் பழைய கூட்டத்தைத் தேடித் திரும்பி வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இனி அதன் இல்லறத்துக்கு வருவோம். இணை சேரும் காலத்தில் ஆணும் பெண்ணும் கூட்டத்தைவிட்டு ஒதுங்கித் தனி இடம் பிடிக்கும். இதில் முனைப்புக் காட்டுவது பெரும்பாலும் பெண்தான். பெண் முட்டைகளை வெளியிட்டதும் ஆண் அவற்றை அள்ளித் தன் வாய்க்குள் வைத்துக்கொள்ளும். பொதுவாக ஒரு முறைக்கு நாற்பது முட்டைகள் அளவில்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் தொண்ணூறு. ஆனால் முட்டை ஒவ்வொன்றும் பெரியது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். கடல் மீன்கள் பல ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டையிட்டு, பிழைப்பது பிழைக்கட்டும் என்று விட்டுவிடுகின்றன. பங்காய் மீன் அந்த வழியில் செல்லவில்லை. அளவோடு பெற்று அக்கறையோடு வளர்க்கும் வீடு அது.

வாயில் அடைகாக்கும் மீன்கள் வேறு பல உள்ளன. கார்டினல் குடும்பத்துக்கே அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் மற்றவை முட்டை பொரிந்ததும் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். பங்காய் மீனின் தந்தை விடுவதில்லை. ஏறக்குறைய இருபது நாள்களில் முட்டைகள் பொரிகின்றன. அதன் பிறகும் சுமார் பத்து நாள்கள் குஞ்சுகள் தந்தையின் வாய்க்குள்ளேயே இருக்கின்றன. மொத்தத்தில் ஒரு மாதம். அவை வெளியே வரும்போது அரை அங்குலம்கூட இருக்காது. ஆனால் பட்டையும் துடுப்புமாகப் பெரிய மீனின் சிறு பதிப்பாகவே வருகின்றன. வந்தவுடன் அவை முள்காட்டுக்குள் ஓடி ஒளியவேண்டும். ஏனெனில் கூட்டத்தில் உள்ள பெரிய மீன்களே குஞ்சுகளை விழுங்கிவிடுவது உண்டு. ஒரு மாதம் பட்டினி கிடந்து காத்த இனத்தில் இப்படியுமா என்று கேட்கத் தோன்றும். கடலில் பாசத்துக்கும் பசிக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

இந்தப் பாசம்தான் இந்த மீனுக்கு வினையாகவும் முடிந்தது.

2003ல் வெளிவந்த நீமோ திரைப்படத்தைப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். காணாமல்போன மகனைத் தேடித் தந்தை மீன் கடல் கடந்து போகும். உண்மையில் கோமாளி மீனின் குஞ்சுகள் பிறந்ததும் பத்து நாள்கள் அளவில் நீரோட்டத்தில் மிதந்து செல்பவை. அவற்றில் சில வேறொரு பாறையில் போய்க் குடியேறும். ஒரு பாறையில் மீன்கள் அழிந்தாலும் பக்கத்துப் பாறையின் குஞ்சுகள் வந்து அந்த இடத்தை நிரப்ப வாய்ப்புண்டு. பவளப்பாறை மீன்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் தங்கள் இழப்பை ஈடுசெய்கின்றன. பங்காய் மீனுக்கு அந்த மிதக்கும் பருவமே இல்லை. தந்தை வாயிலிருந்து இறங்கிய குஞ்சு, அதே இடத்து முள்ளெலியில் குடியேறுகிறது. தீவுக்கும் தீவுக்கும் இடையே ஆழமான கால்வாய்கள். அவற்றை நீந்திக் கடக்க இந்த மீனால் இயலாது. சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பாறைகளின் மீன்களைச் சோதித்தபோதே அவற்றின் மரபணுக்களில் தெளிவான வேறுபாடு தெரிந்தது. நெடுங்காலமாக அண்டை வீட்டாரோடு கொள்வினை கொடுப்பினை இல்லை என்பதற்கு அதுவே சான்று. ஆகவே ஒரு பாறையின் மீன்களை அடியோடு அள்ளிவிட்டால், பக்கத்திலிருந்து யாரும் வந்து நிரப்பப்போவதில்லை. வாசலில் போட்ட பூட்டு போட்டதுதான்.

இந்த மீனை உலகம் அறிந்த வரலாறும் வேடிக்கையானது. சுவீடனைச் சேர்ந்த வால்டர் காவ்டர்ன் என்பவர் 1920ல் மாதிரிகளைச் சேகரித்தார். 1933ல் கௌமன்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் பிறகு அறுபது ஆண்டுகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறுபது ஆண்டுகள்தான் மீன் நிம்மதியாக இருந்த காலம் என்று சொன்னாலும் தவறில்லை. 1994ல் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியல் அறிஞர் பங்காய் தீவுகளில் அதை மீண்டும் கண்டார். படங்களைப் பார்த்ததும் மீன்தொட்டி ஆர்வலர்கள் மயங்கிப்போனார்கள். அடுத்த ஆண்டே வணிகம் தொடங்கிவிட்டது.

2000, 2001ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு 6 லட்சத்திலிருந்து 7 லட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டதாக அங்கு நடந்த ஆய்வு மதிப்பிட்டது. 2004ல் தீவுகளைச் சுற்றிக் கணக்கெடுத்தபோது மொத்த மீன்களே ஏறக்குறைய 24 லட்சம்தான் என்று தெரியவந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிம்போ என்ற தீவின் கரையோரத்தில் 2001ல் இருந்த கூட்டம் ஒன்று, 2004ல் போய்ப் பார்த்தபோது இல்லை. பிடிப்பதும் எளிது. இடத்தைவிட்டு ஓடாத மீன், இடுப்பளவு நீர், ஒரு சிறு வலை போதும். பிடித்துக் கொடுத்த மீனவருக்குக் கிடைத்தது மீனுக்குச் சில காசுகள் மட்டுமே. பிளாஸ்டிக் பைகளில் அடைத்துப் பல நாள் பயணத்தில் அனுப்பும்போது வழியில் இறந்தவை எத்தனையோ. போதாக்குறைக்கு, இறக்குமதி செய்யப்பட்ட மீன்களில் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஒரு கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டது.

வணிகம் இன்னொரு விந்தையையும் செய்தது. வட சுலாவேசியின் லெம்பே நீரிணையில் 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த மீன்கள் திடீரெனத் தென்பட்டன. வணிகர்களிடமிருந்து வெளியேறியவை அங்கே பெருகிவிட்டன. பாலியின் கிலிமானுக் குடாவிலும் அப்படியே. சொந்த ஊரில் குறைந்துகொண்டே வந்த மீன், வந்த ஊரில் செழித்தது. இதைக் காட்டி மீனுக்கு ஆபத்தில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பங்காய் தீவுகளில் பாறைக்குப் பாறை வேறுபட்டிருக்கும் பழைய குலங்களை லெம்பேயில் பெருகிய கூட்டம் ஈடுசெய்யாது.

பன்னாட்டு அரங்கில் இந்த மீனின் பெயர் இரண்டு முறை ஏறி இறங்கியது. 2007ல் ஹேக் நகரில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் மாநாட்டில் இதன் வணிகத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்கா முன்மொழிந்தது. பிறகு அதுவே மீட்டுக்கொண்டது. 2016ல் ஜோகானஸ்பர்க் மாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் முன்மொழிந்தது, அதுவும் மீட்டுக்கொள்ளப்பட்டது. மீன் எங்களுடையது, நாங்களே காத்துக்கொள்கிறோம் என்பது இந்தோனேசியாவின் நிலை. அதில் நியாயம் இல்லாமலில்லை. பிழைப்புக்கு மீன் பிடிப்பவர் அந்தத் தீவுவாசி. தொட்டியை அலங்கரிப்பவர் வேறு நாட்டவர். இதற்கிடையே, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007ல் இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாகப் பட்டியலிட்டது. 2018ல் இந்தோனேசியா பங்காய் தீவுகளில் இதற்கு வரையறுத்த பாதுகாப்பை வழங்கியது. பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அங்கே இதைப் பிடிக்கக்கூடாது. அவை முட்டை மிகுதியாகக் கிடைக்கும் மாதங்கள். 2021ல் நாட்டின் கடல் அலங்கார மீன்களுக்குச் சின்னமாகவும் இதையே அறிவித்தார்கள்.

தந்தை வாயில் வளர்வதால் ஒரு நன்மையும் உண்டு. மிதக்கும் பருவத்துக் குஞ்சுகளைத் தொட்டியில் பிழைக்கவைப்பது பெரும்பாடு. பல கடல் மீன்களைப் பண்ணையில் வளர்க்க முடியாமல் போவது அதனால்தான். பங்காய் குஞ்சோ பிறக்கும்போதே தானாக இரை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைப் போட்டால் தின்கிறது. 2012 வாக்கிலிருந்து தாய்லாந்தில் பெரிய அளவில் வளர்த்து ஏற்றுமதி செய்தார்கள். வீட்டிலேயே வளர்த்தவர்களும் உண்டு. ஆகவே இந்த மீன்தான் வேண்டும் என்று ஆசைப்படுபவர் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: இது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா? அலங்கார மீன் வணிகத்தில் சிங்கப்பூர் உலகின் முக்கிய மையங்களில் ஒன்று. இந்தக் கேள்வி இங்கே கேட்கப்பட்டால் சுலாவேசிவரை கேட்கும்.

எனினும் வலையை மட்டும் பேசினால் போதாது. அண்மை ஆண்டுகளில் பங்காய் தீவுகளில் ஆய்வாளர்களைக் கவலைகொள்ளச் செய்வது கடல் முள்ளெலிகள் குறைந்து வருவது. தீவு மக்கள் அவற்றை உண்கிறார்கள். கூண்டில் வளர்க்கும் மீன்களுக்குத் தீனியாகவும் போடுகிறார்கள். கடற்சாமந்திகளையும் பிடுங்குகிறார்கள். வெடி வைத்து மீன் பிடித்ததில் பவளப்பாறைகள் பல இடங்களில் நொறுங்கிப்போயின. தந்தை மீன் ஒரு மாதம் பட்டினி கிடந்து குஞ்சுகளைக் கரைசேர்த்தாலும், இறக்கிவிடும் இடத்தில் முள் இல்லையென்றால் அவை அன்றைக்கே இரையாகிவிடும். 2018ஆம் ஆண்டின் ஆணை மீனைப் பிடிப்பது பற்றியது. அது ஒளிந்துகொள்ளும் முள்காட்டைப் பற்றியது அல்ல.