பெயரே தீர்வை



மரக்காணத்து அளவர் வெயிலில் விளைத்த உப்பின்மேல் ஆங்கிலேயர் சுமத்திய வரி 1947இல் நீங்கியது. அவ்வரி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இறக்குமதித் தீர்வையோ ஒரு சொல்லுள் மறைந்து நிற்கிறது.

அயல்நாட்டுக் கைகழுவு தொட்டி சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. அது பீங்கானாயின் சுங்கப் பட்டியலில் 6910ஆம் தலைப்பு, நெகிழியாயின் 3922, இரும்பாயின் 7324. பயன் ஒன்றே, செய்பொருள் வேறு, எனவே தலைப்பும் வேறு. இக்கரை உப்பின் தலைப்பு 2501. பெயர் தவறின் தீர்வை தவறும். ஒறுப்புத் தொகையும் சேரக்கூடும்.

'சுங்கந் தவிர்த்த சோழன்' எனக் குலோத்துங்கனைப் போற்றிய நாட்டில், 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் பெயர்களைத் தமிழ் வணிகன் ஆங்கிலத்தில் தேடி அலைதல் தகுமோ? கையொப்பமிடும் சொல்லை அவன் அறிதல் வேண்டும். அப்பட்டியல் தமிழில் வருக!