எல்லாப் படங்களையும் ஒருவர் பார்த்துவிட முடியுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இதுவரை வெளிவந்த திரைப்படங்கள் அனைத்தையும் ஒருவர் பார்த்துவிட முடியுமா என்பது எமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. கேட்ட மாத்திரத்தில் நகைப்பை விளைவிக்கும் கேள்வி இது. கலைநயம் ஆராயும் புலமை எமக்கில்லை. மெட்ரிகுலேஷன் அளவோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எமக்குக் கைவந்தவை கூட்டலும் பெருக்கலுமே. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

2017-ஆம் ஆண்டில் நம் நாட்டில் உருவான கதைப்படங்கள் மட்டும் சுமார் 2,000. படம் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் என்று கொண்டால் மொத்தம் 5,000 மணி நேரம். ஒருவர் அலுவலகம் செல்வதுபோல நாள்தோறும் எட்டு மணி நேரம், ஞாயிறும் பண்டிகையும் பாராமல், படம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டொன்றில் அவரால் 2,920 மணி நேரமே பார்க்க இயலும். ஓராண்டின் இந்தியப் படங்களைப் பார்த்து முடிக்கவே அவருக்கு 625 நாள்கள் வேண்டும். அதற்குள் அடுத்த ஆண்டுப் படங்கள் வந்து குவிந்துவிடும். வெளியேறும் வண்டிகளைவிட உள்ளே வரும் வண்டிகள் மிகுந்தால் சரக்கு நிலையத்தின் கதி என்னவாகும் என்பதை எம் தொழிலைச் சேர்ந்தவர்கள் நன்கறிவார்கள். பிற நாட்டுப் படங்களையும் சேர்த்தால் கணக்கே வேண்டியதில்லை.

எனவே முடியாது என்பதே விடை. அதனைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் இந்தக் கணக்கு, எல்லாப் படங்களும் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்ற எண்ணத்தின்மேல் எழுந்தது. அந்த எண்ணமே பிழையானது. நூறு பிறவி எடுத்து வந்தாலும் பார்க்க இயலாத படங்கள் பல உள்ளன. அவை இன்று உலகில் இல்லை.

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். தென்னாட்டின் முதல் ஊமைப்படமாகிய 'கீசகவத'த்தை 1917-18 ஆண்டளவில் சென்னையில் எடுத்தவர் நடராஜ முதலியார் என்னும் தமிழர். மோட்டார் வணிகம் செய்துவந்த அவருக்குப் படம்பிடிக்கும் கலையைக் கற்பித்தவர், நாம் இன்று கூடியிருக்கும் இதே புனே நகரில் தொழில் புரிந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். தமிழ்த் திரையின் தொடக்கத்தில் இந்த ஊருக்கும் ஒரு பங்குண்டு என்பது நமக்குப் பெருமையே. எனினும் அந்தப் படம் இன்று இல்லை.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் வெளியான 'காளிதாஸ்', தமிழில் பேசிய முதல் படம். எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்தது. பம்பாயில் எடுக்கப்பட்ட அப்படத்தின் பெட்டி ரயிலில் வந்து சென்னை சென்டிரலில் இறங்கியபோது, மக்கள் திரண்டு, மலர் தூவி, தேங்காய் உடைத்து, வால்டாக்ஸ் சாலை வழியே கொட்டகைவரை உடன் சென்றனர் என்பர். தெய்வத்திற்குச் செய்யும் வரவேற்பு! அவ்வாறு வரவேற்கப்பட்ட படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான, இந்தியாவின் முதல் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா'வும் இல்லை. பால்கே 1913-இல் தந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வின் நான்கு சுருள்களில் இரண்டே எஞ்சின. அவையும் அவர் 1917-இல் மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்பார் உளர். நம் நாட்டில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300-க்கும் மேற்பட்டவை. எஞ்சியவை முப்பதளவே. அவற்றிலும் பல குறையுடையவை.

இவ்வளவும் எங்கே போயின? அக்காலச் சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றுபவை. பற்றினால் நீருக்குள்ளும் எரிபவை. 2003-ஆம் ஆண்டில் இந்நகரிலேயே அத்தகைய சுருள்கள் இருந்த கிடங்கு ஒன்று தீக்கு இரையாயிற்று. தீக்குத் தப்பியவை வெப்பத்தாலும் ஈரத்தாலும் தாமாகவே பொடிந்தன. மற்றும் பலவற்றை மனிதரே அழித்தனர். ஓடி முடிந்த படத்தால் இனி வருவாய் இல்லை என்று கருதி, சுருளிலுள்ள வெள்ளிக்காக உருக்கிவிட்டனர். நாள் கடந்த ஏடுகளைக் கழிப்பதுபோலக் கலையையும் கழித்துவிட்டனர்.

பிழைத்த படம் ஒன்றின் வரலாறும் கேளுங்கள். நாகர்கோயில் சுந்தர்ராஜ் என்பார் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப்படம் 1933-இல் வெளியாயிற்று. மூல நாவலின் உரிமை தம்முடையது என்று பதிப்பாளர் வழக்குத் தொடுத்து வென்றார். படம் திரையிலிருந்து இறங்கிப் பதிப்பாளர் கைக்குப் போயிற்று. அங்கேயே கிடந்து, பல ஆண்டுகளுக்குப் பின் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. எந்த வழக்கு அதனை முடக்கியதோ அந்த வழக்கே அதனைக் காப்பாற்றியது! 1964-இல் தோன்றிய அக்காப்பகத்தை வளர்த்தெடுத்து, ஊர் ஊராய் அலைந்து சுருள் சேர்த்தவர் பி. கே. நாயர். 2016-இல் மறைந்த அப்பெரியாரின் உழைப்பு இல்லையேல் நம் இழப்புப் பன்மடங்காகியிருக்கும்.

ஆகவே தலைப்பைச் சற்றே திருத்திக்கொள்வோம். எல்லாப் படங்களையும் ஒருவரே பார்க்க வேண்டுவதில்லை. நூலகத்து நூல்கள் அனைத்தையும் படித்து முடித்தவர் எவர்? ஆயினும் எந்த நூலை எவர் எப்போது கேட்டாலும் எடுத்துத் தருவதே நூலகத்தின் கடமை. அதுபோல, எடுக்கப்பட்ட ஒவ்வொரு படத்தையும், விரும்பும் ஒருவராவது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த ஒருவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம்.

இதில் நமக்கும் பணி உண்டு. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நாம், பெட்டியின் அடியில் எதை எதையோ எடுத்து வந்திருக்கிறோம். தாத்தா சேர்த்த பாட்டுப் புத்தகம், கொட்டகை நோட்டீசு, பழைய இசைத்தட்டு, மங்கிய புகைப்படம் ஆகியவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். படம் அழிந்த பின்னர் அதன் பாட்டும் கதையும் இத்தகைய தாள்களிலேயே தங்கி நிற்கின்றன. நம் சங்கத்து நாடகங்களைப் பதிந்த ஒளிநாடாக்கள் எங்கே உள்ளன என்று இவ்வாண்டே ஒரு பட்டியல் எழுதுவோம். அவற்றுக்குப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைப்போம். பட்டியல் எழுதும் வேலையை எம்மிடம் விட்டுவிடுங்கள். அது எமக்குப் பழகிய தொழில்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!