பையனுக்காகப் போட்ட போன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால் பேசினவங்க சுழல்நிதி, வங்கிக் கடன் பற்றியெல்லாம் நல்லா சொன்னாங்க. நான் கணக்கு பேசப் போறதில்லை. என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லப் போறேன். சொல்லலாமா என்று பையனிடம் கேட்டுட்டுத்தான் வந்தேன். "என் பேரைச் சொல்லாம சொல்லும்மா" என்றான். அவன் பேர் உங்க எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லலை.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்தனார் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். பையன் பதினொன்றாம் வகுப்பு பாதியிலேயே பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் செல்போன். பகலெல்லாம் தூக்கம். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கும். நான் திட்டினேன், அழுதேன், ஒரு நாள் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்குத்தான் அவன் சொன்னான், "நான் இல்லாமப் போயிட்டா உனக்கு நிம்மதிதானே." கோபத்தில் பேசறான் என்று விட்டுட்டேன். அன்று சாயங்காலம் குழுக் கூட்டத்துக்கு வந்து தீர்மான நோட்டு எழுதினேன். உங்களில் பத்துப் பேர் எதிரில் உட்கார்ந்திருந்தீங்க. யாரிடமும் வாய் திறக்கலை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஊக்குநர் வீட்டிலேயே இப்படியா என்று கேட்டுடுவீங்களோ என்ற பயம்.

அப்புறம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பெற்றோருக்கு ஆன்லைன் ஆலோசனை, ஆறு தடவை பேசுவோம், 4,500 ரூபாய், பிள்ளையை மாற்றிக் காட்டுவோம் என்று போட்டிருந்தது. பணம் அனுப்பினேன். இரண்டு தடவை பேசினாங்க. அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிடறேன். தையல் மிஷின் ரிப்பேர் என்று சொல்லி நம்ம குழுவில் வாங்கின உள்கடன் அது.

ஒரு நாள் கிராம சுகாதார செவிலியர் அம்மா, கர்ப்பிணிகளைப் பார்க்க வந்தவங்க, என் முகத்தைப் பார்த்துட்டு விசாரித்தாங்க. அவங்கதான் 14416 என்ற நம்பரைச் சொன்னாங்க. அரசாங்கம் நடத்துறது, காசு கிடையாது, ராப்பகல் எந்நேரமும் பேசலாம் என்றாங்க. டெலி மானஸ் என்று பேர். 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கினது. நம்ம தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பேர் வைத்திருக்காங்க.

நம்பர் கிடைத்தாலும் எங்கே உட்கார்ந்து பேசறது? என் வீடு ஒரு ஹாலும் அடுப்படியும்தான். பையன் அங்கேயே படுத்திருக்கான். பின்னால் போனால் பக்கத்து வீட்டு ஜன்னல். கடைசியில் நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் பழைய நோட்டுகள் போட்டு வைத்திருக்கிற அந்தச் சின்ன ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தாங்க. "பையன் பேச வரமாட்டான், நான் மட்டும்தான் இருக்கேன்" என்றேன். "பரவாயில்லைம்மா, நீங்க பேசுங்க" என்றாங்க. அவனை எப்படித் திருத்தறது என்று சொல்லித் தருவாங்க என்றுதான் காத்திருந்தேன். அவங்க கேட்டது, "நீங்க ராத்திரி தூங்கறீங்களாம்மா?" அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பேச்சே வரலை. அவங்களும் அவசரப்படுத்தாம இருந்தாங்க.

பிறகு எல்லாம் சொன்னேன். 'இல்லாமப் போயிட்டா' என்று அவன் சொன்னதைச் சொன்னதும் அவங்க அதை அப்படியே விடலை. "வீட்டில் பூச்சி மருந்து இருக்கா?" என்று கேட்டாங்க. மணிலாவுக்கு அடித்தது போக மீதி பாதி பாட்டில் மாட்டுக் கொட்டகையில் செருகி வைத்திருந்தது அப்போதான் ஞாபகம் வந்தது. "இன்னைக்கே அதை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்க. சாகணும்னு நினைப்பு வருதான்னு பையன்கிட்ட நேராவே கேளுங்க" என்றாங்க. எனக்கு உடம்பு நடுங்கிப் போச்சு. நாமே கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஆகாதும்மா, கேட்கிறதால அந்த எண்ணம் வர்றதில்லை, உள்ளே இருந்தால் வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்றாங்க.

அன்று ராத்திரி கேட்டேன். ரொம்ப நேரம் சுவரையே பார்த்துட்டு, "சில நாள் வருதும்மா" என்றான். திட்டாம உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு ராத்திரிதான். உடனே மறுபடி போன் போட்டேன். அவங்க சொன்னபடி ராத்திரி முழுக்க பக்கத்திலேயே இருந்துட்டு, விடிந்ததும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனநல டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தாங்க, பேசவும் செய்தாங்க.

அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் கான்பரன்ஸில் சேர்த்துக்கொண்டு பேசினேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, "எல்லாம் இவ வளர்த்த லட்சணம்" என்றார். ஆலோசகர் எனக்காகவும் பேசலை, அவருக்காகவும் பேசலை. "படிப்பைத் தவிர வேற விஷயம் பையன்கிட்ட கடைசியா எப்போ பேசினீங்க சார்?" என்று கேட்டாங்க. பெங்களூர் பக்கம் சத்தமே இல்லை. அன்றிலிருந்து தினம் ஒன்பது மணிக்கு அவனைக் கூப்பிடறார். எத்தனை மாடி ஏறியிருக்கு, கலவை எப்படிப் போட்டோம், இதுதான் பேச்சு. அவனும் கேட்கறான்.

பள்ளிக்கூடத்தில் பாடம் எதுவுமே புரியலை, பெயில் ஆன அவமானம் தாங்கலை என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் குரூப் எடுக்கச் சொல்லி அடம் பிடித்தது நான். இப்போ ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான். முழுக்கச் சரியாயிட்டான் என்று சொல்லமாட்டேன். இன்னும் சில நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கறான். அப்போ நான் போன் போடறேன், எனக்காக.

போனில் பேசினால் தீருமா என்று சில அக்காக்கள் கேட்கிறீங்க. எல்லாம் தீராது. மருந்து குடித்துட்டாலோ உடம்புக்கு ஆபத்து என்றாலோ போனில் பேசிக்கொண்டு உட்காரக் கூடாது, 108ஐக் கூப்பிடணும். புருஷன் அடிக்கிறார் என்றால் 181. பிள்ளைக்கு யாராவது கெடுதல் செய்தால் 1098. என்னை மாதிரி ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930. எனக்கு அப்போ இது தெரியாது. ஓ.டி.பி. கேட்டால் யாராக இருந்தாலும் போனை வைத்துடுங்க. 14416க்குப் பேசும்போது முன்னாடி பேசினதை ஒரு நோட்டில் குறித்து வையுங்க. தினம் அதே ஆள் எடுப்பாங்க என்று சொல்ல முடியாது இல்லையா.

அப்புறம் ஒன்று. ஒருத்தி இரண்டு தவணை கட்டலை என்றால் நாம சபையில் நிற்க வைத்துக் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கேன். அவ வீட்டில் என்ன நடக்குது என்று ஒரு நாளும் தனியாகக் கேட்டதில்லை. அது என்னை இப்போ உறுத்துது.

அந்தச் சின்ன ரூமைப் போன மாதம் சுத்தம் பண்ணி, இரண்டு நாற்காலியும் ஒரு ஃபேனும் போட்டிருக்கோம். சாவி கணக்காளர் தங்கச்சியிடம் இருக்கு. யார் கேட்டாலும் எதற்கு என்று கேட்காமல் கொடுக்கணும் என்று தீர்மானம் போட்டாச்சு. டவர் அங்கே நல்லா கிடைக்குது, ஜன்னல் பக்கம் உட்காருங்க.

அந்தக் கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி. தையல் மிஷின் என்று எழுதியிருக்கிற காரணத்தை அடித்துத் திருத்தச் சொல்லி என் குழுவிடம் கேட்டிருக்கேன். வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நானே எழுதறேன்.