வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கோப்பு

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தொழிலைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். வைத்தியசாலையில் வேலை என்று சொன்னால் "டாக்டரா, நர்ஸா?" என்றுதான் நம் ஊரில் அடுத்த கேள்வி வரும். நான் இரண்டும் இல்லை. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தகைமைச் சரிபார்ப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். அங்கே வேலைக்கு வரும் வைத்தியர், தாதி, மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஆகியோர் தாங்கள் சொல்லும் படிப்பைப் படித்தவர்கள்தானா, அவர்களுடைய பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்தெந்தச் சிகிச்சையைச் செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று விசாரித்து, கோப்பாக்கி, முடிவெடுக்கும் குழுவின் முன் வைப்பது எங்கள் வேலை. நோயாளி எங்களைப் பார்ப்பதேயில்லை.

இந்த வேலை நம் ஹாலிஎல மக்களுக்கு ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கு இந்த நாட்டில் கோப்பிக் காலத்திலேயே சட்டம் வந்தது. 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 9ஆம் இலக்கமாகவும், தொழிலாளரிடையே நோய்கள் பற்றிய சட்டம் 10ஆம் இலக்கமாகவும் நிறைவேறின. தோட்டத்தில் மருந்துக்கும் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்வது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றாயிற்று. அப்படி வந்தவைதான் நம் பாட்டிமார் அறிந்த டிஸ்பென்சரியும், பிள்ளை பெறும் வார்டும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட வைத்தியசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதும் அந்தத் தொண்ணூறுகளில்தான்.

இத்தனை காலமும் லயத்து மக்கள் மருந்து தருபவர் எல்லோரையும் "டாக்டரையா" என்றுதான் அழைத்தார்கள். அவர் பட்டம் பெற்ற வைத்தியரா, அபோதிகரியா, தோட்ட வைத்திய உதவியாளரா, மருந்து கலக்கப் பழகியவரா என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்கும் வழக்கமும் இல்லை. அந்த ஐயாமாரில் எத்தனையோ பேர் அடை மழையில் நடுச்சாமத்தில் லாந்தரோடு மலை ஏறி வந்து உயிர் காத்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தன் உடம்பில் கை வைப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்பதை நம் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நம் பாடசாலைக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. அதன்படி இலங்கை மருத்துவ சபையில் பதியாதவர் இங்கே மேலைத்தேய வைத்தியம் செய்யக்கூடாது. மருத்துவப் பட்டம் பெற்றவருக்கு முதலில் தற்காலிகப் பதிவு. ஒரு வருட உள்ளகப் பயிற்சியை முடித்தபின் முழுப் பதிவு. வெளிநாட்டில் படித்து வந்தவர் பதிவுக்கான தனிப் பரீட்சையில் தேற வேண்டும். விசேட வைத்திய நிபுணர் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயின்று சான்று பெற்றிருக்க வேண்டும். 2018இல் வந்த திருத்தச் சட்டம் நிபுணர்களுக்குத் தனிப் பதிவேட்டையும் ஏற்படுத்தியது. தாதியருக்கு 1988ஆம் ஆண்டின் சட்டப்படி தாதியர் சபை இருக்கிறது. ஆயுர்வேத வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டின் சட்டம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்து நடக்க வேண்டும்.

இவ்வளவு சட்டம் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இதற்கு அவுஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

குயின்ஸ்லாந்தில் பண்டபெர்க் என்று ஒரு ஊர் உண்டு. நம் ஊரில் தேயிலை போல அங்கே கரும்பு. பெரிய நகரத்திலிருந்து தூரமாகையால் அந்த அரசாங்க வைத்தியசாலைக்கு வைத்தியர்கள் வர விரும்புவதில்லை. 2003இல் ஜயந்த் பட்டேல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அங்கே வந்து சேர்ந்தார். அவருடைய பட்டம் பொய்யல்ல. ஆனால் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 2000இல் அவர் சில சத்திரசிகிச்சைகளைச் செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். நியூயோர்க்கில் 2001இல் அவர் தம் அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார். இவற்றை அவர் விண்ணப்பத்தில் மறைத்தார். ஓரிகனிலிருந்து வந்த சான்றிதழில் இணைப்பு ஒன்று உண்டு என்ற குறிப்பு இருந்தது. அந்த இணைப்பு கோப்பில் இல்லை. அது எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தாதி டோனி ஹொஃப்மன் நோயாளிகளின் நிலையைக் கண்டு மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். காது கொடுப்பார் இல்லை. 2005இல் அவர் தம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரிடம் போனபின்தான் விடயம் வெளியே வந்தது. பிறகு ஒரு பத்திரிகையாளர் இணையத்தில் அந்த வைத்தியரின் பெயரைத் தட்டிப் பார்த்தார். அமெரிக்கக் கட்டுப்பாடுகள் அங்கேயே இருந்தன. மரணங்கள் தொடர்பாக அவருக்குக் கிடைத்த தண்டனையை மேல் நீதிமன்றம் 2012இல் இரத்துச் செய்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பதிவையும் வேலையையும் ஏமாற்றிப் பெற்றதை அவரே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

பிரித்தானியாவில் நடந்தது வேறு விதம். சோலியா அலெமி என்ற பெண் நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்து மருத்துவப் பட்டம் என்று ஒரு பொய்ச் சான்றிதழைக் காட்டி 1995இல் பதிவு பெற்றார். இருபது வருடத்துக்கும் மேலாக மனநோய் வைத்தியராக வேலை செய்தார். 2023இல் அவருக்கு ஏழு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் அந்தப் பட்டத்தைப் பெறவில்லை என்பதைப் பல்கலைக்கழகத்திடம் நேரே கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே அறிந்திருக்கலாம்.

முதல் கதையில் பட்டம் உண்மை, ஒரு தாள் குறைவு. இரண்டாவதில் பட்டமே பொய். இரண்டிலும் சட்டம் இருந்தது, சபை இருந்தது, படிவமும் இருந்தது. தாளைக் கையில் எடுத்து, கொடுத்தவரிடமே திருப்பிக் கேட்கத் தெரிந்த ஒருவர் மட்டும் அந்த மேசையில் இருக்கவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நம் நாட்டிலிருந்து எத்தனை வைத்தியர்கள் வெளியேறினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத இடத்தில் "யாராவது வந்தால் போதும்" என்ற எண்ணம் தானாக வரும். பண்டபெர்க்கில் வந்ததும் அந்த எண்ணம்தான். லுணுகலைக்கும் பசறைக்கும் ஹப்புத்தளைக்கும் அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில்சார் சங்கமும் பரீட்சைகளும் இருக்கின்றன. நான் முதலில் மேசையில் இருந்தபடியும், பிறகு இணையவழிப் பாடங்களிலும் கற்றேன். கற்பது முக்கியமாக நான்கு. முதலாவது, சான்றிதழின் பிரதியை நம்பாமல், கொடுத்த பல்கலைக்கழகத்தையும் பதிந்த சபையையும் நேரே கேட்பது. இரண்டாவது, பட்டம் வேறு, சிகிச்சை அனுமதி வேறு என்று அறிவது. சத்திரசிகிச்சை நிபுணர் என்பதற்காக எல்லாச் சத்திரசிகிச்சையையும் அவர் செய்துவிட முடியாது. எதில் பயிற்சி உண்டோ அதற்கு மட்டுமே அனுமதி. மூன்றாவது, ஒருமுறை பார்த்ததோடு விடாமல், பதிவு காலாவதியாகும் நாளையும், பிறகு வரும் முறைப்பாடுகளையும் தொடர்ந்து கவனிப்பது. நான்காவது, இரகசியம் காப்பதும் நியாயமாக நடப்பதும். சந்தேகம் வந்தால் அதைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். வதந்தியைக் கோப்பில் போடக்கூடாது.

நான்காவதைப் பற்றி நம் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடதாசி நம்மை என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தாமாரிடம் இல்லாத கடதாசிகளைக் கேட்டது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் நம்மை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் முத்துலெச்சுமி, பாடசாலை இடாப்பில் முத்துலட்சுமி, அடையாள அட்டையில் முத்துலச்சிமி. மூன்றும் ஒரே பிள்ளை. அதை நிரூபிக்க ஒரு சத்தியக்கடதாசி, அதற்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

அதனால்தான் ஒரு விண்ணப்பத்தில் இரண்டு விதமாகப் பெயர் இருந்தால் எனக்கு உடனே கள்ளம் என்று தோன்றுவதில்லை. பதிவாளரின் கையெழுத்தாக இருக்கலாம், கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயராக இருக்கலாம். விசாரித்து, ஒன்றோடொன்று பொருத்தி, சரியென்றால் சரி என்று எழுதுவேன். பெரிய இடத்து விண்ணப்பத்தில் ஒரு வருடம் கணக்கில் வராமல் இருந்தால், அந்த வருடம் எங்கே இருந்தீர்கள் என்றும் அதே குரலில் கேட்பேன். நம்மை வெளியே நிறுத்தப் பயன்பட்ட கடதாசியை, நம் மக்களின் உடம்பைக் காக்கப் பயன்படுத்த முடியும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குள்ள பெருமை.

முடிக்குமுன் மூன்று கோரிக்கைகள்.

இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு: இதற்கு விஞ்ஞானப் பிரிவில்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை. உயர்தரத்தில் கலையோ வணிகமோ படித்தவரும் வரலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும், நிதானமும், பெரியவர் முன் பயப்படாமல் கேட்கும் துணிவும் வேண்டும். மூன்று மொழியும் காதில் விழ வளரும் மலையகப் பிள்ளைக்கு இது கைக்கு எட்டும் தொழில்.

தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் மருந்தாளராகவும் இருக்கும் சகோதரிகளுக்கு: உங்கள் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். வார்டில் கண்ணுக்குத் தவறாகப் படுவதை நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். டோனி ஹொஃப்மன் ஒரு தாதிதான்.

அம்மாமாருக்கும் சங்கத்துக்கும்: மருத்துவ சபையின் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். வைத்தியரின் முத்திரையில் உள்ள பதிவிலக்கத்தைப் பார்ப்பது அவரை அவமதிப்பது ஆகாது. நல்ல வைத்தியர் அதற்குக் கோபிக்கவும் மாட்டார். இந்த நூற்றாண்டு வருடத்தில் தோட்டம் தோட்டமாக ஒரு மாலைநேரக் கூட்டம் வைத்து, அந்த இலக்கத்தை எப்படித் தேடுவது என்று தொலைபேசியில் காட்டிக் கொடுப்போம். முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன். என்னோடு வர விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் பெயரைத் தாருங்கள்.